உன் பெயரில் பறந்தது

சித்தி,

இன்று காலை ஆறு மணிக்கு உன் கைப்பேசிக்கு மறுபடியும் ஓடிபி வந்தது. நீ போன பிறகு, படிப்புக்கு உதவும் என்று அம்மா அந்தக் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள். எண்ணை மாற்றவில்லை. அதனால் உன் டிரோனைக் கிளப்ப யாராவது அதன் ஆப்பில் உன் பெயரைத் தட்டினால், அனுமதி எண் என் தலையணைக்குப் பக்கத்தில் வந்து ஒலிக்கிறது.

வாசலிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "பாப்பா, நம்பர் வந்துச்சா?"

"வரல சித்தப்பா. சிக்னல் இல்ல."

மூன்று வாரத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அதுவரை தினமும் எண்ணைச் சரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் நோட்டை மூடிவிடுகிறேன்.

வயலில் பூச்சிமருந்து தெளிக்க மகளிர் குழுவுக்கு அரசாங்கம் டிரோன் தருகிறது, ஓட்ட ஒருவர் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதான் கையைத் தூக்கினாய். சென்னையில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, உன் படம் போட்ட உரிமத்தோடு திரும்பி வந்தாய். கூடவே ஒரு தடித்த விதிப் புத்தகமும் வந்தது. எவ்வளவு உயரம் போகலாம், எங்கே போகக் கூடாது, எவ்வளவு காற்று அடித்தால் நிறுத்த வேண்டும், மருந்து தெளிப்பதற்கு முன் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சமையல் முடித்துவிட்டு நீ என்னைப் பக்கத்தில் உட்காரவைப்பாய். இங்கிலீஷை நான் படிப்பேன், அர்த்தத்தை நீ கண்டுபிடிப்பாய்.

"ஓட்றதுக்கு முன்னாடி நல்லா தூங்கியிருக்கணுமாம்டி. எழுதனவன் நம்ம ஊட்டுப் பக்கம் வந்ததே இல்ல போல" என்று சிரித்தாய். ஆனால் அன்றிலிருந்து மறுநாள் தெளிப்பு இருந்தால் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டாய். சீரியல் போச்சு என்று அம்மாதான் புலம்பினாள்.

இவ்வளவு விதி எதற்கு என்று நான் அலுத்துக்கொண்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தாத்தா சிப்காட்டில் வேலை பார்த்த பட்டறையில், ஒருவர் உலைக்குப் பக்கத்தில் கருகிப் போன பிறகுதான் பாதுகாப்புப் பலகையே மாட்டினார்களாம். "நம்ம ஏரியால சட்டம்லாம் பொணம் வுழுந்தப்புறம்தான் வரும். இந்த மிஷினு கவர்மெண்டுக்கே புதுசு. ஆனாலும் ஒண்ணும் நடக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிக்கிறாங்க பாரு. அதுக்காகவாவது படிக்கணும்டி" என்றாய்.

ஏரிக்கரை நிலத்துக்காரர் உன்னைக் கிண்டல் செய்த காலையில் நானும் வரப்பில் இருந்தேன். பம்பரம்போல் சுற்றிக் காற்றை அளக்கும் அந்தச் சின்னக் கருவியை நீ தலைக்கு மேலே பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போது முடியாது என்றாய்.

"இன்னாம்மா, பொம்மை வுடறதுக்கு இவ்ளோ பில்டப்பா? நான் கையில தெளிச்ச காலத்துல காத்தக் கேட்டா தெளிச்சேன்?"

"அதான் நைனா இன்னும் இருமிக்கினு இருக்கீங்க" என்றாய் நீ.

கூலியாட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அவரும்தான். இரண்டு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்து, காற்று அடங்கிய பிறகே டிரோனைத் தூக்கினாய். அடுத்த முறை அவரே உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நிலத்தை ஒட்டித்தான் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் வரிசை வீடுகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தாருக்கு முந்தின நாளே அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒரு தாளை ஒட்டினால் அது முடிந்துவிடும். "தமிழ்ல ஒட்னா அவங்க எப்படிடி படிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, நீ சாயங்காலமே ஒவ்வொரு கதவாகத் தட்டப் போவாய். நாளைக்குத் துணி காயப்போடாதீர்கள், எட்டு மணிவரை பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். இந்த இரண்டு செய்தியையும் உனக்குத் தெரிந்த நான்கு இந்தி வார்த்தைகளிலும் கைஜாடையிலும் சொல்லி முடிப்பாய். "தீதி ஆ கயீ", அக்கா வந்துவிட்டாள் என்று பிள்ளைகள் உன் பின்னால் ஓடி வரும். விதியில் ஒரு வரியாக இருந்ததை இருபத்திரண்டு கதவாக நீ மாற்றிக்கொண்டாய். யாரும் உன்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

டெங்கு உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. ரேஷன் கார்டில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். டிரோன் ஆப்பில் மட்டும் இருந்தது. சேரும்போது அத்தனை கேள்வி கேட்டவர்கள், ஓட்டுபவர் இறந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்று எழுத மறந்துவிட்டார்கள் போல. இல்லை, எழுதியும் இருக்கலாம். எங்களில் யாரும் தேடவில்லை. நீயாக இருந்தால் தேடியிருப்பாய்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. அது உனக்குத் தெரியும். டிரோன் சும்மா கிடந்தால் குழு அதை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுமோ என்று பயந்தார். நீ ஓட்டும்போது கூடவே நின்று பார்த்த பழக்கத்தில் தானே ஓட்டலாம் என்று நினைத்தார். முதல் நாள் நான் எண்ணைச் சொன்னதும் திரையில் வணக்கம் என்று வந்து, அதற்குக் கீழே பச்சை எழுத்தில் உன் பெயர் வந்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா பாப்பா, அவளே வந்து ஓட்ற மாதிரி இல்ல?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது சித்தி. அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவேதான் தினமும் எண்ணைச் சொன்னேன்.

நேற்றுக் காலை ஏரிக்கரை நிலத்தில் காற்று பலமாக இருந்தது. சித்தப்பா கருவியை எடுத்துப் பார்க்கவில்லை. முந்தின நாள் யாரும் வரிசை வீடுகளுக்குப் போய்ச் சொல்லவும் இல்லை. மருந்து அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டது. படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவி, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். நேற்று இரவு இதைக் கேள்விப்பட்டதால்தான் இன்று காலை சித்தப்பாவிடம் பொய் சொன்னேன். இன்று பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்த்தேன். கண் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. அதன் அம்மா என்னைப் பார்த்து, "தீதி ஏன் வந்து சொல்லவில்லை?" என்று இந்தியில் கேட்டாள். நீ இறந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த மூன்று வாரமும் மற்ற வயல்களில் டிரோன் பறந்ததைப் பார்த்திருக்கிறார்களே. நீதான் ஓட்டுகிறாய் என்று நினைத்திருக்கிறார்கள். நீ இல்லை என்று அவளிடம் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலை வேளாண்மை ஆபீஸிலிருந்து விசாரிக்க வருகிறார்கள். சித்தப்பா மாலையே எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "யாரும் வாயத் தொறக்காதீங்க. அவங்ககிட்ட இருக்கறது அவ பேருதான். செத்தவள இன்னா பண்ணப் போறாங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. காற்றுக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த நீ, காற்றைப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் கண்ணில் மருந்தடித்தவள் என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்கப்போகிறாய். வந்து மறுக்க உன்னால் முடியாது. அந்த இருபத்திரண்டு கதவுகளுக்குப் பின்னாலும் உன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொன்னால் சித்தப்பாவை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. என்னை என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை. எண்ணைக் கொடுத்தது நான்தானே. டிரோனையே எடுத்துக்கொண்டு போய்விட்டால், குழுவில் எல்லோரும் எங்கள் வீட்டைத் திட்டுவார்கள். ஆனாலும் சொல்லப்போகிறேன். முதலில் சித்தப்பாவிடம், விடிந்ததும். அவருக்குத் தெரியாமல் அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதன்முதலாக வரிசை வீடுகளுக்குப் போன அன்று, நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இந்தி வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். நான் வெளியே நின்று கேட்டேன். உன் குரல் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல முகம் கழுவிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாய். உனக்குப் பயமே கிடையாது என்று ஊரே சொல்லும். அந்த நடுக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சார், முந்தாநேத்து ஓட்டனது எங்க சித்தி இல்ல. அவங்க செத்து ஒரு மாசம் ஆவுது. நம்பர் குடுத்தது நானு."

முதல் இரண்டும் சரியாக வந்துவிட்டன. மூன்றாவதில்தான் குரல் நிற்கிறது. விடிவதற்குள் இன்னும் சில முறை சொல்லிப் பார்க்கிறேன்.