சின்னக் களவாவுக்குப் பெரிய பெயர்

நீ பெயர் எழுதி ஒட்டிய அந்தச் சின்னக் குழாய் என் மேஜைமேல் காலியாகக் கிடக்கிறது. திறந்தால் ஸ்பிரிட் வாடை இன்னும் போகவில்லை. 'ஐந்து மீன், சாத்தம் ஜெட்டி' என்று எழுதி ஃப்ரீசரின் அடித்தட்டில் நீ வைத்துவிட்டுப் போனது. அதிலிருந்த மீன் துண்டுகளை டிஎன்ஏ படித்துத் தரச் சொல்லிப் போன மாதம்தான் சென்னைக்கு அனுப்பினேன். இன்று காலை முடிவு வந்தது. பார்த்ததிலிருந்து எனக்கு உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. என்மேல் வர வேண்டியதுதான். ஆனால் நீ திருப்பித் திட்ட மாட்டாய் என்பதால் வசதியாக உன்மேல் வருகிறது.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்தத் தீவின் ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள். சாத்தத்தில் ஃபெர்ரி ஏறி, பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கடல்நீர் ஏறி இறங்கும் ஓர் ஓடைக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவோம். மீன்கள் தண்ணீரில் உதிர்த்துவிட்டுப் போகும் டிஎன்ஏவை வைத்து, அங்கே என்னென்ன மீன் இருக்கிறது என்று மென்பொருள் சொல்லும். நம்மிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஒரு மணி நேரத்தில் பட்டியலைக் கொடுத்துவிடும், எல்லாரும் அதைத்தான் கொண்டாடினார்கள். இன்னொன்று நம் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று நாள் ஓடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓடி முடித்தும் பல மீன்களுக்கு 'இனம் தெரியவில்லை' என்று கையை விரிக்கும். நான் வேகமானதைப் பிடித்துக்கொண்டேன்.

நீயோ ஜெட்டியில், தீதி என்று நாம் கூப்பிடும் மீன்கார அக்காவிடம் சூரை, பாரை, வஞ்சிரம், சங்கரா, கையகலம் தாண்டி வளராத புள்ளிக் களவா என்று ஐந்திலும் ஒவ்வொரு துண்டு கேட்டாய். "இத்னா சா? பில்லி கே லியே?" என்று அவள் சிரித்தாள். இத்தனை துளியா, பூனைக்கா என்று அவள் கேட்டது போதாதென்று, குழம்பு வைக்கப் போகிறாயா என்று நானும் கிண்டல் செய்தேன்.

"என்னா மீன்னு நமக்கே தெரிஞ்சத மொதல்ல குடுத்துப் பாக்கணும்டீ. அதச் சரியாச் சொன்னாத்தான் பக்கா. இல்லாத பேரச் சொன்னா அத வச்சு எழுத ஏலாது."

உன் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் பால் எடுத்தவர்கள். அந்த 'ஏலாது' உன் வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு யாராலும் உன்னை அசைக்க முடியாது.

சென்னையிலிருந்து முடிவு வர ஒரு மாதமாகும். எனக்கோ அவசரம். ஓடைத் தண்ணீரில், பிடிக்கவே கூடாதென்று சட்டம் காக்கும் ராட்சதக் களவா இருப்பதாக வேக மென்பொருள் சொல்லியிருந்தது. நான் தலைகால் புரியாமல் குதித்து, நம் இருவர் பெயரிலும் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். நம் கடல் மீன்களில் பாதி, அது ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலிலேயே இல்லை என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஃபெர்ரியில் அத்தனை பேர் முன்னாலும் சண்டை.

"தெரியலன்னு சொல்றதும் பதில்தான்டீ. ஒரு மாசம் பொறுக்க ஏலாதா? அப்ப என் பேர எடுத்துரு."

வீம்புக்கு எடுத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்தது. அதை ஆதாரமாகக் காட்டி, அந்த ஓடையில் வலை போடக் கூடாது என்று உத்தரவும் வந்தது. அதற்குள் உனக்குக் காய்ச்சல் கண்டு, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. கடைசிவரை நாம் பேசிக்கொள்ளவில்லை.

எந்த மென்பொருள் நல்லது என்று இப்போதும் யாரைக் கேட்டாலும் எது புதிது, எது வேகம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள். சலித்துவிட்டது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

போன மாதம், தடைக்கு முன்பு அந்த ஓடையில் வலை போட்டுக்கொண்டிருந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "அந்தக் களவாவ நீங்க எங்க மேடம் பாத்தீங்க? நா அந்த ஓடையிலயே கெடந்தவன், என் கண்ணுல ஒரு நா கூடப் படலயே" என்றார். கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அன்றைக்குத்தான் உன் குழாயைத் தேடி எடுத்தேன்.

இன்று வந்ததை இரண்டிலும் ஓட விட்டேன். மெதுவானதன் கணக்கு இன்னும் முடியவில்லை. வேகமானது நான்கு மீனைச் சரியாகச் சொன்னது. நீ போட்ட கையகலப் புள்ளிக் களவாவை ராட்சதக் களவா என்றது, கொஞ்சமும் தயங்காமல்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். உத்தரவு போட்டவர்களுக்கும் எழுதினேன். பிறகு அந்த மனிதருக்குப் போன் செய்து, அந்தக் களவா ஓடையில் இருக்கிறது என்று நாங்கள் சொன்னது தப்பு, உண்மையில் எங்களுக்குத் தெரியாது என்றேன். தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டிருப்பதையும் சொன்னேன்.

"அச்சா" என்றார். அப்புறம், "வலையத்தான் வித்துட்டேனே மேடம்" என்றார்.

போனை வைத்துவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரையில் உன் பெயர் இல்லை. அவர் சொன்னதை நான் ஒருத்தியாகத்தான் சுமக்க வேண்டும்.