முக்கால் மில்லி

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? செயற்கைக்கால் பழகிவிட்டதா, இன்னும் முட்டிக்குக் கீழே உரசுகிறதா?

தங்கச்சிக்கு நான் எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. சின்ன வயதில் எவ்வளவு சண்டை போட்டாலும் ஒரு வேளைக்கு மேல் அவளால் பேசாமல் இருக்க முடியாது. இப்போது பதினோரு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ எஞ்சின் ஹெட்டை அதிகமா சீவிட்டேன்னு அவரே சொன்னாரு. உன்னாலதான் அவருக்குக் கால் போச்சு. இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். நீ சொன்னால் கேட்பாள். எனக்காக ஒரு வார்த்தை பேசு.

உன் மச்சான்

பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

கால் பரவாயில்லை. நான் நடந்து வரும் சத்தம் கேட்டே பக்கத்து வீட்டுப் பூனை ஒதுங்கிவிடுகிறது. பந்தய வண்டியில் போனபோதுகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

உன் தங்கச்சியிடம் பேசிப் பார்த்தேன். உன் பேரை எடுத்ததுமே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், ஆறப்போடு. நடந்தது நடந்துவிட்டது, அதையே கிளறிக்கொண்டிருக்காதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாப்பிள்ளை

மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிளறாமல் இருக்க முடியவில்லை. எஞ்சினை மேலே மூடுகிற ஹெட்டை லேத்தில் கொஞ்சம் சீவினால் உள்ளே அழுத்தம் ஏறும், வண்டி பாயும் என்று உனக்கு ஆசை காட்டியவனே நான்தான். அரை மில்லிமீட்டர் போதும் என்றேன். நீ இன்னும் எடு, இன்னும் எடு என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தாய். அதற்கு மேல் எடுத்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் என்று மறுத்துவிட்டேன். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, நசுங்கிய மண்ணை அளந்தும் பார்த்தேன். இடைவெளி சரியாகத்தான் இருந்தது. அப்புறம் எப்படிப் பந்தயத்தின் நாலாவது சுற்றில் வால்வு இடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டது? தப்பாக அளந்துவிட்டேனா? டயலில் ஒரு கோடு கூடுதலாகத் திருப்பிவிட்டேனா? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

லேத்தில் நின்றால் ஒரே அளவைப் பத்துத் தடவை அளக்கிறேன், வேலை நகர்வதில்லை. முதலாளி என்னைத் துளை போடும் மெஷினுக்கு மாற்றிவிட்டார். பதினெட்டு வருஷ வேலை, இப்போது தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஹெட் உன்னிடம் இருந்தால் அனுப்பிவை. ஒரு தடவை அளந்து பார்க்கிறேன். தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தாலாவது அழுது தீர்த்துவிடலாம்.

உன் மச்சான்

ஏப்ரல் 21

மச்சான்,

பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஹெட் என்னிடம்தான் இருக்கிறது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் உனக்கே புரியும். கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அவளுக்கு எதுவும் தெரியாது.

மாப்பிள்ளை

மே 2

மாப்பிள்ளைக்கு,

ஹெட் வந்து சேர்ந்தது. அளப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நான் லேத்தில் சீவினால் ஹெட்டின் பரப்பில் வட்டம் வட்டமாகக் கோடு விழும். இதில் குறுக்கே வளைந்து ஓடுகிற கோடுகள் இருக்கின்றன. அது மில்லிங் மெஷினின் வேலை. எங்கள் பட்டறையில் அந்த மெஷினே கிடையாது. என் நோட்டில் எழுதி வைத்த அளவைவிட முக்கால் மில்லி குறைகிறது. நான் முடியாது என்றதை வேறு யாரிடமோ கொண்டுபோய்ச் செய்திருக்கிறீர்கள்.

அது ஆசை. எனக்கும் அந்த ஆசை தெரியும், அதற்காக உங்கள்மேல் கோபமில்லை. வலியில் படுத்திருந்தபோது வாய்க்கு வந்ததைச் சொன்னதையும் விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தது. நான் பிச்சைக்காரன் மாதிரி உங்களிடம் கெஞ்சினேன். நீங்கள் பூனையைப் பற்றி எழுதினீர்கள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பஸ் ஏறி வந்து அவள் முன்னால் இந்த ஹெட்டை வைத்துவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். உங்கள் காலைக் கழுவித் துடைத்து மாட்டிவிடுகிறவள் அவள். என்னை வெறுத்தால் அவளுக்கு ஓர் அண்ணன் மட்டும்தான் இல்லை. உங்களை வெறுத்தால் அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள்? அதனால் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் என்னைத் திட்டும்போது, நீங்களும் சேர்ந்து தலையாட்டாதீர்கள்.

அவள் அண்ணன்