சாராள் தப்பாகச் சொல்லவில்லை

என் சாராளுக்கு,

இந்த எழுபத்தொன்பதாம் வருஷம் அத்தி வரதரைக் குளத்திலிருந்து வெளியே எடுத்திருக்கிறார்கள். போன தடவை அவர் வெளியே வந்த வருஷத்தில்தான் நமக்குக் கல்யாணம் ஆனது. முசரவாக்கத்திலிருந்து நடந்து வந்து, தூர நின்று கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நாற்பது வருஷம் ஓடிவிட்டது. நீ போயும் பத்து வருஷம் தாண்டிவிட்டது. நம் ஊர்க்காரர் முதலமைச்சராக இருந்து செத்துப்போனாரே, ஊரே மொட்டை போட்டதே, அந்த மாதம்தான் நீயும் போனாய்.

நான் சொல்லச் சொல்ல நம் மகள் எஸ்தர் எழுதுகிறாள். உன் நினைவுக்காகச் சபைப் பத்திரிகையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறாள். நல்லதாக எனக்கு எதுவும் வரவில்லை. உன் மேல் கோபம்தான் வருகிறது.

தானியேலை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனது நினைவிருக்கிறதா? தலைமையாசிரியர் நல்ல மனுஷன். இந்து என்று போட்டால் உதவிப்பணம் வரும், பையன் கஷ்டமில்லாமல் படிப்பான் என்றார். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “கிறிஸ்தவன்னே போடுங்க ஐயா” என்றாய். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் ராட்டையில் பட்டு நூல் சுற்றினாய். பிறகு படுத்தாய், போய்ச் சேர்ந்தாய். சொன்னவள் நீ. அதோடு காலம் தள்ள வேண்டியவர்கள் நாங்கள்.

தானியேல் பட்டப்படிப்பு முடித்து மூன்று வருஷமாக வேலைக்கு அலைகிறான். இப்போது அரசாங்க ஆபீசில் ஓர் இடம் வந்திருக்கிறது. நம் சாதிக்கென்று ஒதுக்கிய இடம். ஆனால் இந்துவாக இருந்தால்தான் தருவார்களாம். டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் எடுத்து வைப்பவன், நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒரு நாளாவது கேட்டானா? அறுப்புக்குக் கூப்பிட்டு, கூலியை எட்ட நின்று போட்டவன் கேட்டானா? சலுகை கொடுக்கிற இடத்தில் மட்டும் கேட்கிறார்கள். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

சபையில் முன் பெஞ்சில் உட்காரும் மூப்பர் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இந்து என்று சர்டிபிகேட் வாங்கினார். “காகிதம் வேற, விசுவாசம் வேற, மாசிலாமணி” என்று தோளைத் தட்டினார். தானியேலுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. “மோசேவும் பவுலும் வந்து எனுக்கு சோறு போடுவாங்களா நைனா? ஒரே ஒரு கைநாட்டு” என்றான்.

போனேன், சாராள். அவனோடு தாலுக்கா ஆபீசுக்குப் போனேன்.

குமாஸ்தா காகிதத்தைப் படித்துக் காட்டினார். நாங்கள் பரம்பரையாக இந்துக்கள் என்று ஒரு வரி. அது தெரிந்ததுதான். அடுத்த வரி தெரியாது. என் மனைவி படிப்பறிவு இல்லாதவள், அறியாமையால் பள்ளிக்கூடத்தில் மதத்தைத் தவறாகச் சொல்லிவிட்டாள் என்று இருந்தது. நீ அறியாமல் பேசி நான் கேட்டதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையை நீட்டினேன்.

மூன்று முறை என் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். மூன்று முறையும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது.

“இன்னா பெரியவரே, ரேகையே இல்ல, வாழப்பழத் தோலாட்டம் இருக்குது. இன்னா வேல செய்ற?”

சாயப்பட்டறை என்றேன். பட்டு நூலைச் சோடா உப்பிலும் சோப்பிலும் முப்பது வருஷம் அவித்து அலசிய கை. ரேகை எங்கே இருக்கும்? பத்து நாள் வேலைக்குப் போகாமல் எண்ணெய் தடவிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்.

காரியம் தள்ளிப்போன ஆத்திரத்தில் அன்று வீட்டில் தானியேல் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அது சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு கதையாகிவிட்டது. மாசிலாமணி கைநாட்டு வைக்க மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டானாம். போதகர் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார். ஆராதனை முடிந்ததும் ஆள் ஆளாக வந்து கையைப் பிடித்தார்கள். அந்த மூப்பரும் வந்தார். “உன்னாட்டம் தெம்பு எங்களுக்கு இல்லப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது.

சபையில் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன், வீட்டுக்கு வந்து விரலில் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எஸ்தர் பேனா மையைத் தடவி விரலைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தாள். ரேகை மெல்லிசாக, கோடு கோடாக விழுந்தது. தானியேல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அப்போதும் முந்தானையைச் செருகிக்கொண்டிருப்பாயா? ஒரு நிமிஷமாவது தடுமாறியிருக்க மாட்டாயா?

நான் தடுமாறினேன். பிறகுதான் சொன்னேன். “உங்கம்மா தப்பா சொன்னான்னு அதுல இருக்குதுபா. அதுக்கு நான் கை வெக்க மாட்டேன்.”

“செத்தவங்களுக்கு இன்னா நைனா நஷ்டம்?”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து பேச்சில்லை. நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நல்ல காரியம் செய்தவனைப் போல இல்லை, பெற்ற பிள்ளையின் சோற்றில் கை வைத்தவனைப் போலத்தான் இருக்கிறது. அவன் கேட்பதில் ஒரு நியாயமும் இல்லை என்று யாராவது எனக்குச் சொல்லட்டும் பார்ப்போம்.

இங்கே எஸ்தர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “இத பத்திரிகைல போட்டா உன்ன இன்னா நெனைப்பாங்க நைனா?” என்கிறாள். எழுதும்மா என்றேன். நினைக்கட்டும். நான் மறுத்துவிட்டு வரவில்லை. மூன்று முறை விரலை வைத்தேன், ரேகை விழவில்லை, அவ்வளவுதான். அதில் அதிசயமும் இல்லை, தெம்பும் இல்லை. சபையார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

திங்கட்கிழமை தாலுக்கா ஆபீசுக்குப் போவேன். தானியேல் கூட வந்தாலும் வராவிட்டாலும் போவேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்வேன். என் மனைவி தெரிந்துதான் சொன்னாள் என்று என் வாயாலேயே சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. சாட்சிக்கு ஆள் கேட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. முசரவாக்கம் ஏரிக்கரையில் நாம் மதம் மாறிய அன்றைக்கு ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நம்மையும் சேர்த்துப் பதினோரு பேர். உன் அண்ணன் போனான், என் தங்கை போனாள், ஒவ்வொருவராகப் போய், கடைசியாகப் போன கோடையில் கிழவர் ஆபிரகாமும் போய்விட்டார். நீ என்ன தெரிந்து தலை குனிந்தாய் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான்,

உன் வீட்டுக்காரன்
மாசிலாமணி