மடியில் செருப்பு

திங்கட்கிழமை, ஜூன் இரண்டாம் வாரம்.

என் ஒன்றாம் வகுப்பில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். போன வாரம் சேர்ந்த பவித்ரா மட்டும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குக் கம்பெனி வேலை கிடைத்து, நாகரசம்பட்டியிலிருந்து ஓசூர் வந்த குடும்பம். செருப்பு தொலைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நானே முடிவு செய்துகொண்டேன். "யாரும் எடுக்க மாட்டாங்க கண்ணு" என்று தினமும் சொல்லி அலுத்து, இன்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். பிறகு, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நான் வரைந்த முகங்களின் அட்டையை நீட்டி, "சிரிப்பா, அழுகையா, கோவமா? உனக்கு எப்படி இருக்குன்னு தொட்டுக் காட்டு" என்றேன். அவள் எதையும் தொடவில்லை.

பக்கத்தில் இருந்த நஸ்ரின்தான் சொன்னாள். "அவங்கம்மா வந்தா ஒடனே கெளம்பணும்ல மிஸ், அதுக்குத்தான் வச்சிருக்கா. யூகேஜில நானும் பேக்க மாட்டிக்கினே உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டுப் போய், தன் செருப்பையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. மத்தியானம் சாப்பிட எழுந்தபோது இருவரும் சேர்ந்தே போய் இரண்டு ஜோடியையும் வாசலில் விட்டார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அம்மா வந்ததும், பவித்ரா நஸ்ரினுக்குக் கையாட்டிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டாள். ஒரு வாரமாக மடியை விட்டு இறக்காத செருப்பை மறந்தே போனாள். அதை உள்ளே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. வாசலிலேயே விட்டு வந்தேன்.

இப்போது தூறல் போடுகிறது. எடுத்தே வைத்திருக்கலாம்.