சாவிக்கொத்தில் தொங்கிய குரங்கு

இன்று காலை வத்தேகம பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு த்ரீவீலில் ஏறினேன். டிரைவர் சாவியைத் திருகியபோது அதன் கீழே உங்கள் குரங்குப் பொம்மை ஆடியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரோ திட்டியதுபோல் வாயைக் கோணி உட்கார்ந்திருக்குமே, அதே குரங்கு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத அதைக் கண்டதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஹந்தானையில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு உங்களிடம் வந்தது அது. அந்தக் கால ஜப்பானியர் உடுப்பில் பை கிடையாது, இடுப்புக் கச்சையில் சிறு பையைத் தொங்கவிட, கயிற்றின் நுனியில் இப்படி ஒரு தந்தப் பொம்மையைக் கோத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெட்சுகே என்ற பெயரும் உங்கள் வாயால் கேட்டதுதான். பிறகு கொழும்பில் பழம்பொருள் கடைகடையாக அலைந்து அலுமாரியில் இழுத்துத் திறக்கும் லாச்சி நிறையச் சேர்த்துவிட்டீர்கள்.

கை படாமல் வைத்தால் தந்தம் வறண்டு வெடிக்கும் என்பது உங்கள் கட்சி. அதனால் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது ஒன்றை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, போன வாரத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வீர்கள். நானும் கந்தோரில் கோப்பு பார்த்தபடியே மேசைக்கடியில் எலியையோ ஆமையையோ தடவிக்கொண்டிருப்பேன். பிள்ளை வளர்ப்பதுபோல் ஆயிற்று என்று என் மனைவி கேலி செய்வாள்.

உங்கள் மகள் வந்தால் மட்டும் லாச்சி மூடிக்கொள்ளும். பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, தீனியில் மறைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைகளுக்கு மருந்து கட்டுகிற பிள்ளை அவள்.

"இந்த யானை செத்து எவ்வளவோ காலமாச்சு. ஆனா செத்தது செத்ததுதானே. நானே ஒரு நாளைக்கு அவகிட்ட சொல்லிடுறேன்" என்றீர்கள். அந்த நாள் வருமுன் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், லாச்சியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, இதெல்லாம் தந்தமா?"

உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். "இல்லம்மா, வெறும் எலும்புதான்" என்றேன்.

பார்த்ததும் சந்தேகப்பட்டிருப்பாள். ஆனால் என் சொல்லை நம்பத்தான் அவளுக்கு ஆசை. அப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், பெரிய நல்ல காரியம் செய்தவன்போல.

வெறும் எலும்பை யார் பூட்டி வைப்பார்கள்? வீட்டை ஒழித்தபோது, வந்துபோனவர்களுக்கெல்லாம் உங்கள் ஞாபகமாக ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியவந்தபோது லாச்சி காலி. உண்மையைச் சொன்னால் பொய்யும் வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் கடைசியாக என் பையில் போட்ட எலி மட்டும் மிஞ்சியது.

இன்று அந்த டிரைவரிடம், சாவியில் என்ன தொங்குகிறது என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

"டொக்டரம்மா குடுத்தாங்க ஐயா. அவங்க அப்பா எலும்புல செஞ்சதுதான் சேர்ப்பாராம். தந்தம்னா கையாலயும் தொட மாட்டாராம். அப்படி ஒரு மனுசனாம்" என்றான்.

கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். கயிற்றில் தொங்கப் பிறந்த பொம்மை மறுபடி கயிற்றில் தொங்குகிறது, அதைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அவன் சொன்னதைக் கேட்டால் சிரித்திருக்க மாட்டீர்கள். செத்தது செத்ததுதான் என்று சொன்ன மனிதரை அவளுக்குத் தெரியாது. நான் செய்து கொடுத்த வேறொருவரின் படத்துக்குத்தான் அவள் தினமும் விளக்கேற்றுகிறாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எலி என் கையில்தான் இருக்கிறது. தடவத் தடவ அது சூடாகிறது, நான் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.