தகர வண்டியும் படிக்காமல் விட்ட வரிகளும்

அய்யம்பாளையம்
8-6-1962

அன்பு மகள் லீலாவுக்கு அப்பா சேனாதிபதி எழுதிக்கொள்வது. பழனியாண்டவன் புண்ணியத்தில் நீ டில்லி ஆஸ்பத்திரியில் நல்லபடியாக நர்ஸ் வேலை பார்த்து வருவது அறிந்து மனம் நிறைந்தது. இங்கே நாங்களும் சுகம் என்று போன இரண்டு கடிதங்களிலும் எழுதியிருந்தேன். அது பொய் அம்மா. உன் அம்மா பதினொரு நாள் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள், பயப்படாதே. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டு.

தாண்டிக்குடி ரோட்டு வேலைக்காக ரோடு ரோலரோடு இங்கே வந்தோம் அல்லவா, நாங்கள் குடியிருக்கும் தகரக் கூரை வண்டியை முதலில் வாய்க்கால் ஓரத்துப் புளிய மரத்தடியில்தான் நிறுத்தியிருந்தேன். சித்திரை பாதியில் வேலை ஒரு மைல் தள்ளிப் போனதும், தினம் நடக்கச் சோம்பல்பட்டு, ரோலரில் கட்டி இழுத்துப் போய் ஜல்லி கொட்டிய பொட்டலில் நிறுத்திவிட்டேன். "மரத்தடியிலேயே கெடக்கட்டுமுங்க, தகரம் கொதிக்குதுங்க" என்று உன் அம்மா சொன்னாள். சோலி கெட்டுப்போகும் என்று நான் சத்தம் போட்டேன். புழுதி வருகிறது என்று இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி வைக்கச் சொன்னதும் நான்தான். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. என்னை யார் என்று தெரியவில்லை, உன் பெயரை மட்டும் முனகினாள். தூக்கிக்கொண்டு மளிகைக்கடை பிச்சை முகம்மது வீட்டுக்கு ஓடினேன். அவர் சம்சாரம் ஷம்ஷாத் "அண்ணே, வெரசா லாரியக் கூப்புடுங்க" என்று என்னை விரட்டிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரச்சேலை சுற்றி, விடாமல் விசிறினாள். ஜல்லி லாரியில்தான் கொண்டுபோனோம். அரைமணி பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் என்னை அடையாளம் தெரிந்தது. வலது கை மட்டும் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எழுத வரவில்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தல் போடுங்கள், எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னல் வையுங்கள், ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், டில்லியில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று பங்குனியில் நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தானே படித்துக் காட்டுவது. கேட்டால் தினமும் நச்சரிப்பாள் என்று அந்த இரண்டு பக்கத்தையும் தாண்டிப் படித்தேன். நீ நலமாக இருக்கிறாய் என்பதோடு முடித்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வண்டியை மறுபடி மரத்தடிக்கு இழுத்துவந்து, நீ எழுதியதை ஒவ்வொன்றாகச் செய்தேன். வெட்டிவேர் மட்டும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை வேலையும் முடிந்துவிட்டது லீலா. இப்போது உச்சி வெயிலிலும் உள்ளே உட்கார முடிகிறது. உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது.

நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லி அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "வெயிலடிச்சதுக்குக்கூட வருத்தமில்லைங்க. எம்புள்ள எனக்குன்னு எழுதுனத எனக்குக் குடுக்காம வச்சுக்கிட்டீங்களே" என்றாள்.  

அங்கே வெயில் இதைவிடக் கடுமை என்கிறார்கள், நீராகாரம் குடி, வெறும் தலையோடு வெளியே போகாதே. குறையில்லாமல் நீடூழி வாழ நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறந்துவிடாதே, இனிக் கடிதத்தை வடிவு என்று அம்மா பெயருக்கே, பிச்சை முகம்மது மளிகைக்கடை முகவரிக்குப் போடு. ஷம்ஷாத் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் அதிலேயே எழுது. உன் அம்மா இஷ்டப்பட்டால் எனக்குச் சொல்லட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
சேனாதிபதி