ஒரே உறையில் போன இரண்டு முகங்கள்

இன்று காலை, படம் கழுவும் ஹைப்போ உப்புப் பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். தொட்டியில் கரைத்ததும் அந்த வாடை எழுந்தது. தீபாவளிக்கு மறுநாள் முற்றத்தில் வரும் வாடை இது என்று நீ சொல்வாய். எனக்குப் பிறந்ததிலிருந்து பழகிய வாடை. அது எதைப்போல இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

"மாமா, இதுக்குள்ள போடலேன்னா படத்துல இருக்க முகம் எங்க போவும்?" என்று முன்பு ஒருநாள் நீ என் அப்பாவிடம் கேட்டாய்.

"கறுத்துப் போவும் மக்கா."

"கறுத்துப் போயிட்டு, அதுக்குப் பெறவு?"

அப்பா தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தார். கரமனையில் வீட்டோடு ஸ்டுடியோ வைத்த இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரே தெருவில் வளர்ந்த நாம் இருவரும் ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டோம். உன்னை வீட்டில் வைத்தார்கள், என்னை ஸ்டுடியோவில் வைத்தார்கள். படம் எடுக்க வரும் பெண்களை அப்பா தொட முடியாது. சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதும், தாடையைப் பிடித்து அவர் சொல்லும் பக்கம் திருப்புவதும் என் வேலை. எத்தனையோ தாடைகளை நான் தொட்டிருக்கிறேன். ஆனால் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. என் கண் எப்போதும் அவர்கள் கழுத்துச் சங்கிலியோடு நின்றுவிடும்.

"ஏட்டி, இப்ப போனாளே, அவளுக்க மூக்கு எப்படி இருந்தது?" என்று நீ சோதிப்பாய். எனக்குத் தெரியாது. "சங்கிலி எத்தனை வடம்?" என்பாய். அது தெரியும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உன் வலது கண் என்னைப் பார்க்கும்போது இடது கண் கொஞ்சம் விலகி வேறெங்கோ பார்க்கும். தெருவில் யாரும் அதை உன் முன்னால் சொல்வதில்லை. நீ போன பிறகு சொல்வார்கள். நீயோ, "உன்னையும் பாப்பேன், அதே நேரம் உங்க அடுப்புல பால் பொங்குறதையும் பாப்பேன். உனக்கு முடியுமா?" என்பாய்.

வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் உன் அக்காவின் மாப்பிள்ளை கணக்குப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் படம் எடுக்க அவர்தான் அப்பாவைக் கூப்பிட்டார். அக்காவைப் பார்க்க நீயும் எங்களோடு கிளம்பினாய். வித்துரா வரை பஸ், பிறகு மாட்டு வண்டி. இரண்டு பலா மரங்களுக்கு நடுவே அப்பா வேட்டியைக் கட்டிப் படுதா ஆக்கினார். நீ அவரிடம் கேட்டுக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாய்.

"ஐயோ, எல்லாரும் தலைகீழாத் தொங்குதாவ!" என்று உள்ளேயிருந்தே கத்தினாய். நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு இடது கன்னம் முழுக்கத் தீப்பட்ட தழும்பு. அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் போய் வழக்கம்போல அவள் தாடையைத் திருப்பப் போனேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"நேராவே எடுங்க சாமி. படம் தென்காசிக்கு எங்காத்தாளுக்குப் போவுது. மூஞ்சியத் திருப்பிட்டு நின்னா, அந்தப் பக்கம் என்னத்தையோ மறைக்காளேன்னு அவ பயந்துருவா. அந்தக் கன்னமும் எனக்க கன்னந்தானே?"

அப்பா நேராகவே எடுத்தார். திரும்பி வரும்போது வண்டியில் நீ மலையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "அவளுக்குப் பயமே இல்ல, பாத்தியாட்டி?" என்றாய். நான் அவள் கன்னத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த தை மாதம் நாகர்கோவிலிலிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள். முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள். உன் அம்மா உன்னைப் பச்சைப் பட்டில் கூட்டிவந்து, "வலப்பக்கம் மட்டும் விழட்டும் அண்ணாச்சி" என்றாள். நான் உன் தாடையைத் திருப்பினேன். முதல் கண்ணாடிப் பிளேட் ஆயிற்று. ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று அப்பா எப்போதும் இரண்டு பிளேட் ஏற்றுவார். இரண்டாவதற்கு அவர் துணிக்குள் போனபோது, உன் அம்மா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நீ நேராகத் திரும்பினாய். அப்பா உள்ளே அதைப் பார்த்திருப்பார். வெளியே வந்து பிளேட்டைச் செருகி, காமிராவின் ரப்பர் பந்தை அழுத்தினார்.

போகும்போது என் காதில் சொன்னாய்: "நேரா இருக்கறதை அனுப்பு. நீதானே கவர்ல வைப்ப."

"உங்கம்மை கொன்னுருவாவ."

"என்னைத்தானே கொல்லுவா? ஏட்டி, ஒரு பக்கத்தை மட்டும் பாத்துட்டு ஒருத்தன் வந்தா, காலம் பூரா அவன் முன்னால நான் திரும்பியே நிக்கணுமா?"

பிளேட்டோடு தாளைச் சேர்த்து மூடிய இரண்டு மரச்சட்டங்களையும் முற்றத்து வெயிலில் வைத்தேன். தாளில் இரண்டு முகங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து வந்தன. உனக்கு மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, உன் அம்மாவுக்குத் துரோகம் செய்யவும் தைரியம் வரவில்லை. அதனால் இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். அது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்தேன். உன் அப்பா அதைப் பிரிக்காமலே தபாலில் சேர்த்தார். 

பதில் வந்தது. "பக்கவாட்டில் இருக்கும் பெண்ணை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கூட அனுப்பியிருக்கும் தங்கைப் பெண்ணின் கண்ணை இப்போதே நல்ல வைத்தியரிடம் காட்டுவது உத்தமம்."

உன் அம்மா அந்தக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் ஏரி வரைந்த படுதாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீயும் அங்கே வந்துவிட்டாய். நீ சிரித்த சிரிப்பில் ஏரி ஆடியது.

"எனக்கு நானே தங்கச்சி ஆயிட்டேன்!"

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. உன் கை என் தாவணியைக் கசக்கிப் பிடித்திருந்தது.

"ரெண்டுல ஒருத்தியை அவியளுக்குப் பிடிச்சிருக்கு. அவ யாருட்டி?" என்று கேட்டாய். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாய்.

இரண்டும் ஒரே பெண்தான் என்று உன் அப்பா எழுதினார். அங்கிருந்து பிறகு ஒரு வரியும் வரவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மறுவருஷம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வாத்தியார் உன்னைப் பெண் கேட்டார். அவருக்கு நேர்ப் படம் மட்டும் போனது. நீயே வந்து, நீயே உறையில் வைத்து, நீயே ஒட்டினாய். "கொள்ளாம், நல்லாருக்கு. இந்தத் தடவை ஒரு பொண்ணுதான் போறா" என்றாய். அவர் வந்தார். கல்யாணம் நடந்தது. பத்து மாதம் கழித்து விஷக்காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. உன்னைக் கடைசியாகப் பார்க்க என்னை அனுப்பவில்லை.

சுவரில் மாட்டப் படம் கேட்டு உன் அம்மா வந்தாள். "திரும்பி இருக்கறதைக் கொடு மக்கா. அதுல லெச்சுமி மாதிரி இருப்பா."

பிளேட் இரண்டும் பெட்டியில் இருந்தன. நான் நேராக இருப்பதை அச்செடுத்து, அவள் கையில் வைத்தேன்.

"அத்தை, அவ இதைத்தான் அனுப்பச் சொன்னா. நான்தான் ரெண்டையும் வச்சேன்."

அவளிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏசும்போதெல்லாம் இப்படித்தான் பாப்பா. ஒரு கண்ணு எனக்க மேல, ஒரு கண்ணு வாசல்ல. எப்பம் ஓடலாம்னு..." என்றவள் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். பிறகு, "ஒண்ணை மட்டும் வச்சிருக்கலாம்லா நீ?" என்றாள்.

"எதை அத்தை?"

அவள் படத்தை முந்தானையில் பொதிந்து எடுத்துப் போனாள்.

இப்போதெல்லாம் வருகிற பெண்களின் தாடையை நான் உடனே தொடுவதில்லை. "எப்படி இருக்கணும் உங்களுக்கு?" என்று முதலில் கேட்கிறேன். கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிடுகிறது. ஒருத்தி, கம்மல் தெரிந்தால் போதும், மூஞ்சி எப்படியும் போகட்டும் என்றாள். ஒருத்தி தன் பிள்ளையின் காலில் ஆறு விரலும் தெரிய வேண்டும் என்றாள். இதையெல்லாம் கேட்டால் நீ இன்னும் நூறு கேள்வி கேட்பாய்.

போன வாரம் ஒருத்தி என்னையே திருப்பிக் கேட்டாள்: "எனக்கு என்ன தெரியும் குட்டி? எங்க வீட்டுக் கண்ணாடி உடைஞ்சு வருஷமாச்சு. நான் எப்படி இருக்கேன்? நீ பாத்துச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவம் நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. உதட்டோரத்தில் கடுகளவு ஒரு மச்சம், சிரித்தால் அது மேலே ஏறியது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் "பெறவு? பெறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கறுப்புத் துணிக்குள் அப்பா காத்திருந்தார்.